வெறுங்கால் சத்தம்

குற்றாலத்தில் சத்தம் பதிய வேண்டுமென்றால் அருவி விழாத மாதத்தில்தான் போக வேண்டும். இதைக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். போன ஆடியில், சீசன் களை கட்டியிருந்த நேரத்தில், பெர்சிஸும் அவள் வகுப்பு ஆட்களும் ஒரு பழைய லாட்ஜில் குறும்படம் எடுத்தார்கள். கேமராவில் எல்லாம் அழகாக விழுந்திருந்தது. மாடி வராந்தா, சாரல், ஈரம் ஊறிய சுவர், அதில் அழுது வழிகிற மஞ்சள் பல்பு. ஆனால் ஒலியைப் போட்டுக் கேட்டால் ஒரே இரைச்சல். யார் வாயைத் திறந்தாலும் அருவிதான் பேசியது.

அதனால்தான் பங்குனி வெயிலில், மனுஷர் யாரும் எட்டிப் பார்க்காத நேரத்தில், பெர்சிஸ் குற்றாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். தோளில் ரெக்கார்டரும் மைக்கும் இருந்த பை. கையில் ஒரு மஞ்சப் பை. எண்ணெய்க் கடைகள் பாதிக்கு மேல் சாத்திக் கிடந்தன. சிப்ஸ் கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். மேலே பாறை காய்ந்து போய், தண்ணீர் ஓடின தடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. எப்போதும் இரைந்துகொண்டே இருக்கிற ஊர் வாயை மூடிக்கொண்டால் நன்றாக இல்லை.

லாட்ஜ் வாசலில் காவல்காரர் சுடலைமுத்து பெஞ்சில் சாய்ந்திருந்தார்.

"என்ன பிள்ள, இந்த நேரத்துல வந்திருக்கிய? ஒரு சொட்டுத் தண்ணி விழல்லியே."

"அதுக்குத்தான் அண்ணாச்சி வந்திருக்கோம்."

அவருக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. சிரித்துக்கொண்டே சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "ஏட்டி, போன தடவ வந்து இந்தக் கொத்த ஒளிச்சு வச்சு என்னயப் பாடாப் படுத்துச்சே ஒரு பிள்ள, அது வரல்லியா?" என்றார்.

பெர்சிஸ் கொத்தை வாங்கிக்கொண்டாள். "வரல்ல அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினாள்.

அந்தப் பிள்ளை முத்துவடிவு. ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலில் போய்விட்டாள். திங்கட்கிழமை தலைவலி என்று கல்லூரிக்கு லீவு போட்டவளை அந்த வாரம் முடிவதற்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெர்சிஸுக்கு முதல் வருடத்திலிருந்து பக்கத்து இடம் அவள்தான். இப்போதும் அந்த இடத்தில் யாரும் உட்காருவதில்லை. உட்காரவும் பெர்சிஸ் விடுவதில்லை.

படத்தின் கதை சின்னது. ஒரு பெண் லாட்ஜுக்கு வருகிறாள், கதவு கதவாகத் தட்டி யாரையோ தேடுகிறாள். கடைசி அறை வாசலில் அவள் போய் நிற்கும்போதுதான் பார்க்கிறவர்களுக்கு உறைக்க வேண்டும், இவள் இவ்வளவு நேரம் நடந்த நடைக்குச் சத்தமே இல்லையே என்று. பேய்க்குக் கால் கிடையாது, பாதம் தரையில் பாவாது என்பது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படத்தை இயக்கிய ஆதித்தன் அந்த ஒன்றை நம்பித்தான் கதையே எழுதினான். மற்ற எல்லோருக்கும் காலடிச் சத்தம் உண்டு. அந்தப் பெண்ணுக்கு மட்டும் கிடையாது.

அந்த வேஷத்தை முதலில் பெர்சிஸ்தான் போடுவதாக இருந்தது. அவள் அம்மா ஜெஸி டீச்சர் ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"ஜெபிக்கிற வீட்டுப் பிள்ள பேய் வேசம் கட்டுவாளாட்டி? அதுவும் நீ! நீ நடந்தா ரெண்டு தெரு தாண்டிக் கேக்கும். உன்னய வச்சுக் கால் இல்லாத பேயா?"

இரண்டாவது சொன்னது நிஜம். பெர்சிஸ் குதிகாலை ஊன்றித் திம் திம்மென்று நடப்பாள். தென்காசியில் அவர்கள் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் ஜெஸி அடுப்பில் பாலை வைத்துவிடுவாள். மகள் செருப்பைக் கழற்றி உள்ளே வரும்போது டீ தயாராக இருக்கும். "ஆனை வந்துட்டு" என்று டம்ளரை நீட்டுவாள். ஒரு நாள் தவறியதில்லை.

அப்போது முத்துதான் முன்னால் வந்தாள். "விடுட்டி. நான் பேயாப் போயிட்டுப் போறேன். என்னய யாரு கேக்கப் போறா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பெர்சிஸின் போனில் இருந்தது. அவள் அதைப் போட்டுக் கேட்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவளும் ஆதித்தனும் இலஞ்சிக்குப் போயிருந்தார்கள். வெட்டிச் சேர்த்த படத்தை முத்துவின் அம்மா பாலம்மாளிடம் ஒருதடவை காட்டிவிட வேண்டும் என்று. பாலம்மாள் பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். மகள் வராந்தாவில் நடப்பதைக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"ஏன் தம்பி, நடக்கா... சத்தத்தக் காணுமே?"

"இன்னும் சேக்கல்லம்மா" என்றான் ஆதித்தன். வேறென்ன சொல்ல முடியும் அவனால்.

பாலம்மாள் எழுந்து உள்ளே போய் இந்த மஞ்சப் பையைக் கொண்டு வந்தாள். உள்ளே முத்துவின் ரப்பர் செருப்பு.

"தூரப் போடணும்னு எல்லாரும் சொன்னாவ. எனக்கு மனசு வரல்ல. பேயா நடிச்சதாலதான் போயிட்டான்னு ஊரே பேசுது பிள்ள. நீங்களும் எம்மகளக் கால் இல்லாமக் காட்டிராதிய. இதப் போட்டு நடந்து, அவளுக்குக் கால் வச்சுக் குடுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆதித்தன், "கால் சத்தம் வச்சாப் படமே போச்சு பெர்சி" என்றான். பெர்சிஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

*

ஆதித்தனும் வந்து சேர, காலையிலிருந்து மதியம் வரை வேலை ஓடியது. கதவு கிரீச்சிடுவது, சாவிக்கொத்து குலுங்குவது, வாளியில் தண்ணீர் விழுவது, லாட்ஜ்காரராக நடித்த பையனுக்குப் பூட்ஸ் காலடி. படத்தை லேப்டாப்பில் ஓடவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே, அந்தந்த நொடியில் அந்தந்தச் சத்தத்தை உண்டாக்கிப் பதிய வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்கார வேலை. பெர்சிஸுக்கு அதில்தான் உயிர்.

உச்சி வெயில் ஏறியதும் ஆதித்தன் சாப்பாடு வாங்கப் போனான். அவன் தலை மறைந்ததும் பெர்சிஸ் மஞ்சப் பையைப் பிரித்தாள்.

நீல வார் வைத்த செருப்பு. இடது கால் வார் எப்போதோ அறுந்து, அடியில் ஊக்குப் போட்டு நிறுத்தியிருந்தாள். அதனால் அந்தக் கால் கொஞ்சம் இழுத்துத்தான் வரும். டப், சர்ரக். டப், சர்ரக். கல்லூரியில் வகுப்புக்குள் இருந்தபடியே முத்து வருகிறாள் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். புதுசு வாங்குட்டி என்றால், இது இன்னும் உழைக்கும் என்பாள்.

செருப்பின் மேல் முத்துவின் விரல்கள் அழுந்திய பள்ளம் அப்படியே இருந்தது. பெர்சிஸ் சின்னதாக ஒரு ஜெபம் சொல்லிவிட்டு அதற்குள் காலை நுழைத்தாள். குதிகால் வெளியே நின்றது. தரைக்குப் பக்கத்தில் மைக்கை வைத்தாள், ஹெட்போனை மாட்டினாள், படத்தை ஓடவிட்டாள். திரையில் முத்து நடக்கத் தொடங்க, இவள் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைத்தாள்.

முதல் தடவை சரியாக வரவில்லை. திம் திம்மென்று பெர்சிஸ்தான் நடந்தாள். இரண்டாவது தடவை இழுப்பு வந்தது, வேகம் பொருந்தவில்லை. மூன்றாவது தடவை பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக்கூட நிற்காமல் நடந்தாள். அந்தத் தடவை திரையையே அவள் பார்க்கவில்லை. ஆனாலும் டப், சர்ரக், டப், சர்ரக் என்று முத்துவின் நடை பிசகாமல் வந்தது. எங்கேயோ பீடி இலை வாசம் அடித்தது. முத்துவின் தாவணியில், புத்தகத்தில், டிபன் பாக்ஸில்கூட இருக்கும் அந்த வாசம்.

திரையில் முத்து கடைசி அறை வாசலுக்குப் போய் நின்றாள். பெர்சிஸும் நின்றாள்.

ஹெட்போனில் சத்தம் நிற்கவில்லை.

டப்.

டப்.

செருப்பைக் கழற்றிப் போடுகிற சத்தம்.

பெர்சிஸ் குனிந்து பார்த்தாள். அவள் பாதம் வெறும் தரையில் இருந்தது. தரை சில்லென்றிருந்தது. எப்போது கழற்றினாள்? கழற்றவில்லையே.

வராந்தாவின் அந்தக் கோடியில், கடைசி அறை வாசலில், நீலச் செருப்பு இரண்டும் ஜோடியாகக் கிடந்தன. வீட்டுக்குள் போகிறவர்கள் கழற்றிப் போடுவது போல, முன்பக்கம் அறையைப் பார்த்தபடி.

"முத்து?"

காய்ந்த பாறைப் பக்கம் ஒரு காக்கை கத்தியது. வேறொருத்தி என்றால் பயந்து ஓடியிருப்பாள். பெர்சிஸுக்கு ஓடத் தோன்றவில்லை. அந்த வாசல் வரைக்கும் போய், செருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

ஆதித்தன் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து பதிந்ததைக் கேட்டான். திட்டப் போகிறான் என்று பெர்சிஸ் காத்திருந்தாள். அவன் ஹெட்போனைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்தக் கடைசியில கழத்திப் போடுதாளே, அது நீ பண்ணினதா?"

"இல்ல."

அந்த இடத்தை இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, "வச்சுரு பெர்சி. படம் போனாப் போகட்டும்" என்றான்.

அன்றைக்கே அந்தக் காட்சியைச் சத்தத்தோடு பாலம்மாளின் போனுக்கு அனுப்பினார்கள். செருப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

*

ஒரு வாரம் போயிருக்கும். பாலம்மாள் போன் பண்ணினாள். "பிள்ள, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்றாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் பெர்சிஸுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

இலஞ்சியில் தென்னந்தோப்பை ஒட்டின தெரு. பாலம்மாள் முகம் கழுவி, தலை சீவி, நல்ல சேலை உடுத்தியிருந்தாள். மகள் போன பிறகு அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. வீட்டுக்குள் உளுந்தங்களி மணம். நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்த அந்தக் களி என்றால் முத்துவுக்கு உயிர். ஒரு தட்டில் எடுத்து மூடி, பாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"யாருக்கு அத்தை?"

"உக்காரு. சத்தம் காட்டாத."

போன் சுவர் மாடத்தில் அணைந்து கிடந்தது. அது பாடவில்லை, பேசவில்லை, பெர்சிஸ் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பாலம்மாள் விளக்கை ஏற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தாள். கோயில் மணி அடித்து ஓய்ந்தது. தோப்பில் காற்று நின்றது. எதிர்வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவிகூட ஏனோ அடங்கிப்போனது.

பீடி இலை வாசம் வந்தது. பீடி சுற்றுகிற வீட்டில் அது வராமல் என்ன செய்யும் என்று பெர்சிஸ் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகு தெருவில் கேட்டது.

டப், சர்ரக்.

டப், சர்ரக்.

தெருமுனையிலிருந்து வந்தது. அவசரமில்லாமல், கல்லூரி விட்டு அலுத்து வருகிற நடை. பக்கத்து வீட்டைத் தாண்டியது. வாசலுக்கு வந்தது.

டப். டப்.

கழற்றிப் போட்டது.

அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

பெர்சிஸ் எட்டிப் பார்த்தாள். கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் யாரும் இல்லை. விளக்கு வெளிச்சம் படிவரைக்கும் போய் நின்றது.

"தெனமும் வாரா" என்றாள் பாலம்மாள், மெல்ல. "செருப்பக் கழத்திட்டு அங்கனயே நிக்கா. உள்ள வர மாட்டேங்கா. வாட்டி, களி ஆறிப் போவுதுங்கேன். நிக்கா. அப்படியே நின்னுட்டு, கொஞ்ச நேரத்துல போயிருதா."

"அத்தை..."

"முதல்ல எனக்குப் புரியல்ல பிள்ள. எங்கிட்ட என்ன கோவமோன்னு நெனச்சேன். ஆசுபத்திரிக்கு இன்னும் ஒரு நாள் முந்திக் கொண்டு போயிருந்தா பிழைச்சிருப்பேனேன்னு வந்து நிக்காளோன்னு அழுதேன். பெறவுதான் யோசிச்சேன். நீ செருப்புக்குல்லா சத்தம் வச்சுக் குடுத்த? செருப்பு போட்டுக்கிட்டு எம்மக வீட்டுக்குள்ள வருவாளா? கழத்திட்டா அவகிட்ட வேற என்ன இருக்கு?"

பாலம்மாள் பெர்சிஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பீடி நூல் அறுத்த தழும்புள்ள விரல்கள்.

"வெறுங்கால் சத்தம் கொஞ்சம் வச்சுக் குடு பிள்ள. படியிலேருந்து பாய் வரைக்கும். வேற ஒண்ணும் கேக்கல்ல. வாசல்ல நிக்க விட்டுட்டு நான் எப்படிட்டி சோறு திங்க?"

*

ஆதித்தன் கேட்டதுமே பதறினான்.

"வேண்டாம் பெர்சி. செருப்பு அவளது. அதுல அவ கால் இருந்துச்சு, வந்தா. வெறுங்காலுக்கு என்னட்டி பண்ணுவ? அது உன் காலுல்லா?"

"தெரியும்லே."

"தெரிஞ்சுமா?"

"நான் போட வேண்டிய வேசத்த அவ போட்டா. அவ வைக்க வேண்டிய கால நான் வைக்கேன். வாசல்ல நிக்காலே. நீ வந்து கேட்டுப் பாரு, அப்பச் சொல்லுவியான்னு பாக்கேன்."

அவன் ரெக்கார்டரைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, "நான் வரல்ல. என்னால அந்த வீட்டுல நிக்க முடியாது" என்று போய்விட்டான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லோருக்கும் எல்லாம் முடிந்துவிடுமா?

மறுநாள் மத்தியானம் தெரு ஓய்ந்த நேரத்தில் பெர்சிஸ் போனாள். பாலம்மாள் சிமெண்டுத் தரையைத் துடைத்துக் காயவைத்திருந்தாள். சுவர்க்கடிகாரத்தை நிறுத்தி வைத்திருந்தாள். வாசற்படியின் ஓரத்தில் நீலச் செருப்பு. பெர்சிஸ் தன் ஷூவை அதற்குப் பக்கத்தில் கழற்றினாள்.

படியிலிருந்து பாய்வரைக்கும் நடந்தாள். பாலம்மாள் பாயில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இல்ல பிள்ள. அவ இப்படி ஊணி நடக்க மாட்டா. முன்னங்கால்ல நடப்பா."

பெர்சிஸ் திரும்பப் போய், முன்னங்காலில் நடந்தாள். நாலாவது எட்டிலேயே குதிகால் திம்மென்று விழுந்தது. இருபத்தோரு வருஷப் பழக்கம் ஒரு மத்தியானத்தில் போய்விடுமா? இன்னொரு தடவை நடந்தாள். இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் பாலம்மாள் கண்ணை மூடியபடியே தலையை ஆட்டினாள். வேர்வை சொட்டியது. பாதம் வலித்தது.

கடைசியில் பாலம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"போதும்த்தா. நீ நடக்கதையே வச்சிரு. எப்படி நடந்தா என்ன, உள்ள வந்தாச் சரி."

பெர்சிஸ் வாசற்படிக்குத் திரும்பிப் போனாள். அவள் மைக்கைத் தரையோரம் வைத்து, ஹெட்போனை மாட்டி, தான் நடக்கிற மாதிரியே நடந்தாள். திம். திம். திம். பாய் விளிம்பில் போய் நின்றாள். பதிவாகிவிட்டது.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சமையற்கட்டுக்குப் போனாள். ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. காது அடைத்திருக்கிறது, காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று விட்டுவிட்டாள்.

பதிந்ததைப் பாலம்மாளின் போனில் ஏற்றினாள். கிளம்புகிறபோது பாலம்மாள் அவள் தலையைத் தடவி, நெற்றியில் முத்தமிட்டாள். "நீ இருந்தாக் கூச்சப்படுவா. பொழுது அடையுறதுக்குள்ள போ தாயி" என்றாள்.

*

தென்காசியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மேற்கே மலைக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. போன் அடித்தது. பாலம்மாள். எடுத்துக் காதில் வைத்தாள்.

பேச்சு இல்லை. முதலில் ஒரு டப். இன்னொரு டப்.

அதன் பிறகு திம். திம். திம்.

சிமெண்டுத் தரையில், குதிகால் ஊன்றி. பாய்வரைக்கும் வந்து நின்றது. பதிந்தது அவ்வளவுதான். பெர்சிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நிற்கவில்லை. அந்தக் காலடி பாயைச் சுற்றியது. சமையற்கட்டுக்குப் போனது. திரும்பி வந்தது. பாத்திர மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

"கேக்குதா பிள்ள?" பாலம்மாள் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் குசுகுசுத்தாள். "வந்துட்டா. உள்ள வந்துட்டா. கொஞ்சம் கனமாத்தான் நடக்கா. காய்ச்சல்ல கிடந்து எலும்பும் தோலுமாப் போனவல்லா? ஒடம்பு தேறிட்டா போல."

பெர்சிஸ் பஸ் நிலையத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வருத்தமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை. முத்து வாசலில் நிற்கவில்லை, அது போதும் என்றிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.

தெருமுனையில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். அவள் வருவது கேட்டதும் தூரத்திலேயே எழுந்து உடம்பை நெளித்து வாலாட்டும். இன்றைக்கு அவள் அதை உரசிக்கொண்டு போனாள். அது கண்ணைத் திறக்கவில்லை.

தெருவில் ஜல்லி கொட்டியிருந்தார்கள். பெர்சிஸ் அதன் மேல் ஏறி நடந்தாள்.

ஒரு கல்கூடச் சத்தம் போடவில்லை.

அவள் நின்றாள். ஒரு காலை ஓங்கி வைத்தாள். எதிர்வீட்டு மிக்ஸி ஓடுவது கேட்டது. எங்கேயோ பஸ் ஹாரன் கேட்டது. ஒரு குழந்தை பாட்டுப் படிப்பது கேட்டது. காதில் ஒரு குறையும் இல்லை.

மீதித் தெருவை எப்படிக் கடந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றினாள். வலது. இடது. உள்ளே போனாள்.

சமையற்கட்டில் ஜெஸி முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். பால் பாத்திரம் அடுப்பின் மேல் இருந்தது. பர்னர் எரியவில்லை. டம்ளர் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, தெருப்பக்கத்து ஜன்னலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள் அம்மா. மகள் வருகிறாளா என்று.

பெர்சிஸ் அவளுக்கு இரண்டடி பின்னால் நின்றாள். கூப்பிட்டுவிடலாம். ஒரு 'அம்மா' போதும். ஆனால் கூப்பிடாமல், குதிகாலைத் தூக்கி, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டித் தரையை மிதித்தாள். கால் எலும்பு வரைக்கும் வலி ஏறியது.

இன்னொரு தடவை மிதித்தாள்.

ஜெஸி லைட்டரைக் கீழே வைத்தாள். பெருமூச்சு விட்டாள்.

"இவள இன்னும் காணுமே" என்றாள், ஜன்னலைப் பார்த்து.